பூக்கூடையும் ஒரு துளி பஞ்சும்



கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்தைவிட்டு ஜிஎஸ்டி சாலைக்குத் திரும்பும் இடத்தில் பூ விற்கிற அக்கா எனக்குப் பல வருடப் பழக்கம். போன வாரம் மல்லி வாங்கப் போனபோது அவர் முகம் வாடியிருந்தது. “போன் போச்சு தம்பி. சார்ஜே ஏற மாட்டேங்குது. சீட்டு எடுத்ததும் வேற வாங்கணும்” என்றார்.

வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத போன் அது. அதற்குள் கேபிள் இரண்டு மாற்றிவிட்டார், சார்ஜர் ஒன்று மாற்றிவிட்டார். சார்ஜ் போடும்போது கேபிள் கழன்று விழாமல் இருக்க, பூக்கட்டுக்குப் போடும் ரப்பர் பேண்டையே போனோடு சேர்த்துச் சுற்றிவைத்திருந்தார். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் இரவு கூப்பிடுகிற நேரத்தில் போன் செத்துக் கிடப்பதுதான் அவருக்குப் பெரிய துயரம்.

பக்கத்துச் சந்தில் இருக்கிற செல்போன் சர்வீஸ் கடைக்கு இருவரும் போனோம். கடைப் பையன் போனைத் திறக்கவே இல்லை. விளக்கை இழுத்து அடிப்பக்கத் துவாரத்துக்கு நேரே காட்டினான். “போன் நல்லாத்தான் இருக்கு சார். உள்ள பஞ்சு அடைச்சிருக்கு” என்றான். போனை அணைத்து, மெல்லிய பிளாஸ்டிக் குச்சியை ஓரமாக விட்டு நெம்பினான். பாதி நெல்மணி அளவில், கம்பளித் துணி மாதிரி இறுகிப்போன ஒரு துண்டு வெளியே வந்தது. சாம்பல் நிறம். அதற்கு நடுவில் வெள்ளையாக ஓர் இழை. பூக் கட்டுகிற நூல்! கேபிளைச் செருகினான், ‘டக்’ என்று உட்கார்ந்தது. காசு எவ்வளவு என்று கேட்டதற்கு, “இதுக்கெல்லாம் எதுக்கு சார்” என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டான். “போர்டு மாத்தணும்” என்று அவன் சொல்லியிருந்தால் நாங்கள் நம்பித்தான் இருப்போம். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

அன்றிரவு என் போனிலும் டார்ச் அடித்துப் பார்த்தேன். அங்கேயும் இருந்தது. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறேன்.

பருத்தி நூல் என்பது குட்டைக் குட்டை இழைகளை முறுக்கிச் செய்தது. துணி உரசும்போதெல்லாம் இழைகளின் நுனி உதிர்ந்துகொண்டே இருக்கும். உதிர்ந்தது பையின் அடித் தையலில் போய்ச் சேரும். நாமோ சட்டைப் பையில் போனை நிமிர்த்தித்தான் வைக்கிறோம். சார்ஜ் துவாரம் நேராக அந்தத் தையலில் போய் உட்காருகிறது. மடியில் செருகினாலும், சுருக்குப் பையில் வெற்றிலை பாக்கோடு போட்டாலும் இதே கதைதான். உள்ளே போன பஞ்சு தானாக வெளியே வராது. நாம் சார்ஜர் குத்தும் ஒவ்வொரு முறையும், தலையணைக்குப் பஞ்சு திணிக்கிற மாதிரி அதை இன்னும் உள்ளே தள்ளி இறுக்குகிறோம்.

இப்போது பெரும்பாலான போன்களில் இருப்பது 2014-இல் வந்த டைப்-சி துவாரம். ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28 முதல் விற்பனைக்கு வரும் புதுப் போன்களுக்கு இது கட்டாயமாகிவிட்டது. நம் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஐபோனும் 2023-இல் வந்த 15-ஆம் வரிசையிலிருந்து இதற்கு மாறிவிட்டது. அந்தத் துவாரத்தின் நடுவே நாக்கு மாதிரி மெல்லிய தகடு ஒன்று நிற்கும். அதன் மேலே 12, கீழே 12 என 24 தொடுமுனைகள். நாக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூடக் கிடையாது. அடியில் கொஞ்சம் பஞ்சு உட்கார்ந்தால் போதும், கேபிள் முனை முழுசாக உள்ளே போகாது. சில நாள் மெதுவாக ஏறும், சில நாள் விட்டுவிட்டு ஏறும், தொட்டால் நின்றுவிடும். தொடுப்பு அரைகுறையாக இருந்தால் அந்த இடம் சூடாகவும் செய்யும்.

சுத்தம் செய்வது எளிது, பொறுமைதான் வேண்டும். முதலில் போனை அணைத்துவிடுங்கள். பல்குத்தும் குச்சி அப்படியே போகாது. பிளேடால் நுனியைத் தட்டையாகச் சீவிக்கொள்ளுங்கள். தென்னந்துடைப்பத்து ஈர்க்குச்சியைச் சீவினாலும் ஆகும், நுனி பிளந்திருக்கக் கூடாது. நாக்கின் மேல் படாமல் சுவர் ஓரமாகவே விட்டு, மூலையிலிருந்து வெளிப்பக்கமாக இழுங்கள். ஊசி, சேஃப்டி பின், ஹேர்பின் எதுவும் வேண்டவே வேண்டாம். இரும்பு பட்டால் தொடுமுனையில் கீறல் விழும். நாக்கு உடைந்தால் செலவு கூடிவிடும். வாயால் ஊதுவதையும் விட்டுவிடுங்கள், மூச்சில் ஈரம் இருக்கிறது.

ஈரம் என்றதும் கோவளம், மாமல்லபுரம் வாசகர்கள் நினைவுக்கு வருகிறார்கள். கடலில் கால் நனைத்த கையோடு போனைப் பவர் பேங்கில் போடாதீர்கள். உப்பு ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் அந்த மெல்லிய முனைகள் அரித்துப்போகும். நனைந்த போனை அரிசிக்குள் புதைப்பதும் சரியல்ல. ஆப்பிள் நிறுவனமே அதை வேண்டாம் என்கிறது, நொய்யும் தவிடும் உள்ளே போகும் என்பதால். துவாரம் கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, காற்றோட்டத்தில் வைத்துவிடுங்கள். மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களில் உளி பிடிக்கிற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: பஞ்சைவிடக் கருங்கல் தூள் பொல்லாதது. வேலை நேரத்தில் போனைத் துணியில் சுற்றித் தள்ளி வையுங்கள்.

துவைக்கும் முன்னால் சட்டைப் பையை வெளியே இழுத்து உதறுவது அம்மாவின் வழக்கம். சில்லறைக்காகவும் பஸ் டிக்கெட்டுக்காகவும் செய்தார். ஒவ்வொரு முறையும் தையலோரத்தில் சுருண்டிருந்த பஞ்சும் கூடவே விழும். அந்த வேலையை இந்த வாரம் நானே எடுத்துக்கொண்டேன்.

பூக்கார அக்கா இப்போது போனுக்கென்று தனியாக ஒரு பை வைத்திருக்கிறார். வெற்றிலைக்கு வேறு பை. ரப்பர் பேண்ட் மறுபடி கூடைக்கே போய்விட்டது. உள்ளிருந்து வந்த அந்தத் துண்டைக் கையில் வைத்துப் பார்த்து, “இத்தனூண்டு பிசிறுக்கா புது போன் வாங்க இருந்தேன்” என்றார். எங்கள் ஊரில் இது பிசிறு. நூலோடு பிறந்து வளர்ந்த திருப்பூர், கரூர், காஞ்சிபுரம் வாசகர்களே, உங்கள் வீட்டில் இதை என்னவென்று சொல்வீர்கள்? ஒரு கார்டு போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்