வீட்டு பில்டரில் இருக்கும் கரி, தொழிற்சாலை வாசலில் ஏன் இல்லை?

2020 செப்டம்பர் 3ஆம் தேதியை கிள்ளான் பள்ளத்தாக்கில் யாரும் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். ரவாங் அருகே சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்து நாற்றம் எடுத்ததால் நான்கு நீர் சுத்திகரிப்பு ஆலைகள் மூடப்பட்டன. 1,292 இடங்களில், ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. கோவிட் காலம் அது. கையைக் கழுவச் சொன்ன நேரத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் வாளியோடு தண்ணீர் லோரிக்குக் காத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி.

அந்தக் கழிவு கனரக இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பணிமனையிலிருந்து வந்ததாக அதிகாரிகள் கூறினர். எண்ணெய்க் கழிவு என்றதும் நமக்குக் கெர்த்தேயும் பெங்கெராங்கும்தான் நினைவுக்கு வரும். நம் ஆறுகளுக்குப் பக்கத்தில் இருப்பவையோ பழைய எண்ணெயையும் கரைப்பான்களையும் கையாளும் சிறிய பணிமனைகள். ஜொகூரில் 2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய கழிவால் 111 பள்ளிகள் மூடப்பட்டதையும் பார்த்தோம்.

எண்ணெய் கலந்த கழிவுநீரைச் சுத்தம் செய்யும் வழி புதிதல்ல. மிதக்கும் எண்ணெயை முதலில் பிரித்துவிடலாம். தண்ணீரில் கரைந்துவிட்ட பென்சின், டொலுவீன், பீனால் போன்றவைதான் சிக்கல். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். பென்சின் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. இவற்றைப் பிடிக்கத்தான் ஆக்டிவேட்டட் கார்பன் என்னும் கரி. கிள்ளானில் பல வீட்டு வாசல்களில் நிற்கும் பில்டருக்குள் இருப்பதும் பெரும்பாலும் இதுதான்.

அடுப்புக் கரிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? காற்றுப் படாமல் கரியாக்கிய ஓட்டை 800 டிகிரிக்கு மேல் சூடாக்கி நீராவியைச் செலுத்தினால், உள்ளே கோடிக்கணக்கான நுண்துளைகள் திறக்கும். ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால் பத்து பூப்பந்து மைதானம் அளவுக்கு வரும். எண்ணெய்ப் பொருள்கள் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். உப்பு ஒட்டாது. எண்ணெய்த் துளிகளை முன்னமே பிரிக்காமல் விட்டால் துளைகள் அடைத்துக்கொண்டு கரி வீணாகும்.

இந்தக் கரியைச் செம்பனைக் கொட்டையின் ஓட்டிலிருந்தும் செய்யலாம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஓட்டைத் தெரியும். ஆலை கொதிகலனில் எரிப்பார்கள், மிச்சத்தைத் தோட்டச் சாலையில் கொட்டிப் பரப்புவார்கள். இன்று எரிபொருளாக ஜப்பானுக்குக் கப்பலேறுகிறது. மூலப்பொருள் நம் கையில் இருக்கிறது. அதனால் கரி கிடைக்கவில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

பிறகு ஏன் தயக்கம்? பயன்படுத்திய கரிதான் காரணம் என்பது என் கணிப்பு. கரி நச்சை அழிப்பதில்லை, பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நிறைந்ததும் அதுவே ஆபத்தான கழிவு. 2005ஆம் ஆண்டு விதிமுறைகளில் அதற்கு எஸ்.டபிள்யூ. 411 என்று தனிக் குறியீடு உண்டு. (குடிநீரைச் சுத்தம் செய்த கரிக்கு விலக்கு இருப்பதால் வீட்டு பில்டரைப் பற்றிப் பதற வேண்டாம்.) அத்தகைய கழிவை 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வைத்திருக்கக் கூடாது. உயர்வெப்பத்தில் சுட்டு மீண்டும் பயன்படுத்தலாம், அல்லது நெகிரி செம்பிலான் புக்கிட் நானாஸில் உள்ளது போன்ற உரிமம் பெற்ற மையத்துக்கு அனுப்பலாம். இரண்டுக்கும் செலவாகும். இரவில் கால்வாயில் ஊற்றுவதற்குச் செலவே இல்லை.

சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே ஆற்றில் விடும் தொழிற்சாலைக் கழிவுநீரில் எண்ணெயும் கொழுப்பும் லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கீழே என்றால் 10. சுற்றுச்சூழல் சட்டத்தில் 2024இல் செய்த திருத்தத்தால் அபராதம் 1 கோடி ரிங்கிட் வரை உயர்ந்தது. ஆனால், அபராதம் பிடிபட்டவருக்கு மட்டும்தான்.

இப்போது நாற்றம் வந்த பிறகு சுத்திகரிப்பு ஆலையில் கரித்தூளைக் கலக்கிறோம். தொழிற்சாலை வாசலில் சில ஆயிரம் லிட்டராக இருந்த கழிவு, அதற்குள் ஆற்றோடு கோடிக்கணக்கான லிட்டராகியிருக்கும். கரிக்கான செலவும் நம் தலையில்தான். தனித்தனியாகக் கருவி வாங்க முடியாத பணிமனைகளுக்கு, ஒரே தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கலாம். திருப்பூர் சாயப்பட்டறைகள் அப்படிச் செய்கின்றன. பணிமனைக்கு உரிமம் கொடுக்கும் ஊராட்சி மன்றம், ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது பழைய கரியையும் எண்ணெயையும் அனுப்பிய ரசீதைக் கேட்கலாம். உங்கள் வட்டார மன்ற உறுப்பினரிடம் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.