காரைக்காலுக்குத் திருச்சி எவ்வளவு தூரம்?

மாண்புமிகு புதுச்சேரி முதலமைச்சர் அவர்களுக்கு,

காரைக்காலுக்கு விமான நிலையம் வரும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. ஒன்றிய அரசு கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்த புதிய விமான நிலையங்களின் பட்டியலில் நம் ஊர்ப் பெயரும் இருக்கிறது. நேர்க்கோட்டில் அளந்தால் புதுச்சேரி ஏறத்தாழ 115 கிலோமீட்டர், திருச்சி 120, சென்னை 230. ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் என்பதால் ‘அரை மணியில் தலைநகர்’ என்று சொல்லிவிடலாம். ஆனால், வீட்டுப் படியிறங்கியதிலிருந்து போன காரியம் தொடங்கும் வரைதானே பயணம்? ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்வது, சோதனை, பெட்டிக்காகக் காத்திருப்பது, புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டையிலிருந்து ஊருக்குள் வருவது எல்லாம் சேர்த்தால் இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாகச் சாலையில் போனாலும் ஒன்றிரண்டு மணிதான் கூடுதல். விழுப்புரம் – நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை முழுதாக முடிந்தால் அதுவும் சுருங்கும்.

லாஸ்பேட்டையின் வரலாற்றையும் பாருங்கள். ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர். சிறிய விமானங்கள்தான் இறங்க முடியும். தொடங்குவதும் நிற்பதுமாகவே இருந்த சேவை 2024 மார்ச்சில் மறுபடி நின்று, டிசம்பரில்தான் திரும்பியது. தலைநகரத்துக்கே இந்த நிலை என்றால், அதைவிடச் சிறிய காரைக்காலில் எந்த நிறுவனம் நிலைக்கும்? அதற்காகக் கடைமடையில் நூற்றுக்கணக்கான ஏக்கரை எடுப்பது நியாயமாகாது.

சென்னைக்காவது நேரம் மிச்சமாகாதா என்று கேட்பார்கள். ஆகும், மறுக்கவில்லை. ஓஎன்ஜிசி, துறைமுகம், என்ஐடி ஆகியவற்றுக்கு வருவோரில் சிலருக்கு அது பயன்படும். ஆனால் காரைக்காலிலிருந்து போய் விமானம் ஏறுவோரில் பெரும்பகுதி வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகிறவர்கள். அவர்களுக்குத் திருச்சிதான் வாசல். இங்கே ஏடிஆர் இறங்கினாலும் அது மாறாது. நள்ளிரவு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும் என்பதால், கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகளோடு மாலையிலேயே வாடகை வேன் பிடிக்கிறார்கள். பேருந்தில் போனால், திருச்சியில் இறங்கி அத்தனை பெட்டிகளையும் இன்னொரு வண்டிக்கு மாற்ற வேண்டும். இந்த 150 கிலோமீட்டர் சாலையில்தான் நம் மக்களின் நேரமும் பணமும் கரைகின்றன.

நீங்கள் செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. விமானப் புறப்பாடுகளையொட்டி, திருச்சி விமான நிலைய வாசல் வரை போகும் பிஆர்டிசி பேருந்துகளை விடுங்கள். பெட்டிகளுக்கு இடம் இருக்கட்டும். 1987இல் மூடப்பட்ட காரைக்கால் – பேரளம் ரயில் பாதையும் அகலப்பாதையாகத் திரும்பியிருக்கிறது. நாகூர், நாகப்பட்டினம், திருவாரூர் என்று சுமார் 65 கிலோமீட்டர் சுற்றிப் பேரளத்தைத் தொடுவதற்குப் பதில் திருநள்ளாறு வழியே 23 கிலோமீட்டரில் போய்விடலாம். சென்னை இரவு ரயிலை அந்தப் பாதையில் நிரந்தரமாக இயக்கும்படி தெற்கு ரயில்வேயிடம் எழுத்து மூலம் கேளுங்கள். விமான நிலையத்துக்காக எழுதும் அடுத்த கடிதத்துக்கு முன் ரயில்வேக்கான அந்தக் கடிதம் போக வேண்டும்.