கிளாம்பாக்கம்: ரெண்டு மார்க் கேள்வி

சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் படிக்கிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித் தரும் சமாச்சாரம்தான். எதைக் கட்டுவது என்று யோசிக்கும் முன், யாருக்குக் கட்டுகிறோம், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேள். பரீட்சையில் ரெண்டு மார்க். எழுதிவிட்டு மறந்துவிடலாம், மறந்தும்விடுகிறார்கள்.

கிளாம்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் அடிக்கல். 2023 டிசம்பர் 30-ல் திறப்பு. 88 ஏக்கர், ஏறத்தாழ நானூறு கோடி. கட்டிடத்தைக் குறை சொல்ல முடியாது, கோயம்பேட்டை விடப் பல மடங்கு வசதி. ஆனால் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறவன் கட்டிடம் பார்க்க வருவதில்லை. வீட்டிலிருந்து பஸ்ஸுக்கும், பஸ்ஸிலிருந்து வீட்டுக்கும் போக வருகிறான்.

இதில் வேடிக்கை, தாம்பரம் - செங்கல்பட்டு ரயில் பாதை அதே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டித்தான் போகிறது. திறப்பு விழா நாளில் மின்சார ரயில்கள் வண்டலூரை விட்டால் ஊரப்பாக்கத்தில்தான் நின்றன, நடுவில் ஸ்டேஷன் இல்லை. ஸ்டேஷன் வேலை ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். மெட்ரோவோ விமான நிலையத்தோடு நின்றிருந்தது. பெரம்பூர்க்காரர் கைக்குழந்தையோடும் ரெண்டு பெட்டியோடும் விடிகாலை நாலு மணிக்கு இறங்கினால் என்ன செய்வார்? ஆட்டோக்காரர் சொன்னதுதான் ரேட்டு.

"புதுசுன்னா அப்படித்தான், போகப் போகச் சரியாயிடும்" என்பார்கள். குழாய் ஒழுகினால் அப்படிச் சொல்லலாம். ஊருக்குள் போக வழி வேண்டும் என்பது போகப் போகத் தெரிகிற விஷயமா? அது முதல் நாள், முதல் காகிதத்தில் இருக்க வேண்டியது. பஸ் ஸ்டாண்டு ஒரு இலாகா, ரயில் இன்னொன்று, மெட்ரோ மூன்றாவது. பயணிக்கு மட்டும்தான் மூன்றும் ஒரே பயணம், அவருக்குத்தான் கூட்டத்தில் நாற்காலி கிடையாது.

ஆம்னி பஸ் கதையும் இதேதான். 2024 ஜனவரியில் எல்லாரும் கிளாம்பாக்கம் வந்தாக வேண்டும் என்று உத்தரவு. எங்கள் கராஜ் கோயம்பேட்டில் இருக்கிறதே என்றார்கள் உரிமையாளர்கள். விவகாரம் கோர்ட்டுக்குப் போய், அடுத்த மாதமே கோயம்பேடு கராஜ்களைப் பயன்படுத்தலாம், போரூர், சூரப்பட்டு டோல்கேட்டுகளில் ஆள் ஏற்றலாம் என்று இடைக்கால உத்தரவு வந்தது. முன்கூட்டியே கூப்பிட்டுக் கேட்டிருந்தால் ஒரு டீ செலவோடு தெரிந்திருக்கும்.

இதே பாணியில் மேற்கே போகும் பஸ்களுக்கென்று குத்தம்பாக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே பக்கத்தில் தண்டவாளம்கூடக் கிடையாது. வேலூர் பஸ்ஸில் விடிகாலை வந்து இறங்கும் தாம்பரத்துக்காரர் எப்படி வீடு போய்ச் சேருவார் என்று திட்ட அறிக்கையின் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?