ஆர்.ஓ.சி. வெறும் இரண்டு மார்க் சமாசாரமா?

லாப்லாஸ் ஒரு செமஸ்டர், ஃபூரியர் அடுத்த செமஸ்டர், கடைசி யூனிட்டாக இசட். மூன்று டிரான்ஸ்ஃபார்முக்கும் மூன்று ஃபார்முலா அட்டவணை. பல பொறியியல் கல்லூரிகளில் இப்படித்தான் பாடம் ஓடுகிறது. லாப்லாஸுக்கும் ஃபூரியருக்கும் என்ன உறவு என்று கேட்டால் மாணவர்கள் ஒப்பிப்பது ஒரே பதில்: "எஸ்ஸுக்குப் பதில் ஜே ஒமேகா போடணும்."

இது அரைகுறை உண்மை. பல கணக்குகளில் விடை சரியாக வந்து தொலைப்பதால் யாரும் சந்தேகப்படுவதும் இல்லை.

பூஜ்யத்தில் தொடங்கி, இ பவர் 2டி என்று வளர்ந்துகொண்டே போகும் சிக்னலை எடுத்துக்கொள்வோம். அதன் லாப்லாஸ் 1/(எஸ்−2). ஜே ஒமேகாவைப் போட்டால் அழகாக ஒரு விடை வரும். ஆனால் கட்டுக்கடங்காமல் வளரும் இந்த சிக்னலுக்கு ஃபூரியரே கிடையாது! அப்படியானால் அந்த விடை யாருடையது? அதே இ பவர் 2டி-யை மைனஸ் குறியோடு பூஜ்யத்துக்கு முன்னால் மட்டும் வைத்தால் கிடைக்கும் வேறொரு சிக்னலுடையது. அதன் லாப்லாஸும் 1/(எஸ்−2) தான்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஆர்.ஓ.சி. மட்டுமே. அதாவது, எந்தெந்த எஸ் மதிப்புகளுக்கு அந்த இன்டெக்ரல் ஒரு விடையில் போய் நிற்கும் என்கிற பகுதி. முதல் சிக்னலுக்கு எஸ்ஸின் ரியல் பகுதி 2-க்கு மேல் இருக்க வேண்டும், இரண்டாவதற்கு 2-க்குக் கீழ். ஜே ஒமேகா அச்சு இரண்டாவதில்தான் அடங்குகிறது.

"நிஜ சிக்னல் எல்லாம் பூஜ்யத்தில்தானே தொடங்கும், ஆர்.ஓ.சி. எதற்கு?" என்பார்கள். சரி, யூனிட் ஸ்டெப்பும் அப்படித்தான் தொடங்குகிறது. அதன் லாப்லாஸ் 1/எஸ். ஆர்.ஓ.சி. அச்சுக்கு வலப்பக்கம், அச்சு அதில் சேராது. கண்ணை மூடிக்கொண்டு ஜே ஒமேகா போட்டால், பூஜ்ய அதிர்வெண்ணில் இருக்க வேண்டிய பை மடங்கு இம்பல்ஸ் காணாமல் போகும். சிக்னலின் டி.சி. பகுதியே அம்பேல்!

இசட் கதையும் இதுதான். டி நொடிக்கு ஒரு சாம்பிள் எடுத்தால், இசட் என்பது இ பவர் எஸ்டி. ஜே ஒமேகா அச்சு யூனிட் வட்டமாகச் சுருண்டுகொள்கிறது, இடப்பக்கம் முழுவதும் வட்டத்துக்குள் போய்விடுகிறது. "போல்கள் இடப்பக்கம் இருந்தால் ஸ்டேபிள்", "வட்டத்துக்குள் இருந்தால் ஸ்டேபிள்" என்று இரண்டு விதிகளாக மனப்பாடம் செய்யப்படுவது ஒரே விதி. 1965-ல் கூலியும் டூக்கியும் பிரபலமாக்கிய எஃப்.எஃப்.டி. கணக்கிடுவதும் அதே வட்டத்தின் மேல் சம இடைவெளியில் உள்ள புள்ளிகளைத்தான்.

மூன்றையும் சேர்த்துக் கட்டும் கயிறு ஆர்.ஓ.சி. அதை இரண்டு மார்க் கேள்வியில் ஒதுக்கிவிட்டு அட்டவணையை நெட்டுருப் போட வைத்தால், பாஸாகலாம். சிக்னல் புரியாது. முதல் வகுப்பிலேயே ஆர்.ஓ.சி. வரட்டும், அட்டவணை பின்னால் வந்தால் போதும்.