திருச்சி - யாழ்ப்பாணம் வெறும் 185 கி.மீ! சுற்றியதோ 800 கி.மீ!

திருச்சி: திருச்சியில் இருந்து சென்னைக்கு ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய 290 கிலோ மீட்டர். யாழ்ப்பாணத்துக்கு எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 185 கிலோ மீட்டர்தான். பஸ்சில் கோவைக்குப் போகிற தூரம் கூட கிடையாது.

ஆனால், பல வருஷமாக நம்ம ஊர்க்காரர்கள் இந்த 185 கி.மீ.யைக் கடக்க ஊரைச் சுற்ற வேண்டியிருந்தது. முதலில் விமானத்தில் கொழும்பு. அதுவே 400 கி.மீ.க்கு மேல். அங்கிருந்து பஸ் அல்லது ரயிலில் திரும்ப வடக்கே யாழ்ப்பாணம். அது இன்னொரு 400 கி.மீ. கல்யாணமோ, சாவோ, ஒரு நாள் முழுக்க வழியிலேயே போய்விடும்.

அன்று இருந்தது, இடையில் போனது

இது புது வழி ஒன்றும் இல்லை. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் விமானம் முதன்முதலாகக் கிளம்பியதே கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம் வழியாக சென்னைக்குத்தான். பிறகு வந்த உள்நாட்டுப் போரில் பலாலி விமான நிலையம் ராணுவத்தின் பிடிக்குள் போனது. வெளிநாட்டு விமானம் எட்டிப் பார்க்கவே நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

2019 அக்டோபரில் பலாலி, சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னையில் இருந்து விமானம் பறந்தது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து அதையும் நிறுத்தியது. மறுபடி பறந்தது 2022 டிசம்பரில்தான். திருச்சிக்கு நேரடி விமானம் கிடைத்தது 2025 மார்ச் 30-ந் தேதி; இண்டிகோ தொடங்கியது.

25 நிமிஷம் ஏன் 1 மணி நேரம் ஆகுது?

இந்தத் தடத்தில் விடப்பட்டது 70-க்கும் அதிகமான இருக்கைகள் கொண்ட ஏ.டி.ஆர். ரக விமானம். பெரிய காற்றாடி சுற்றும் வகை. மணிக்கு 500 கி.மீ. வேகம் போகும். கணக்குப் போட்டால் 25 நிமிஷம் கூட ஆகாது. ஆனால் டிக்கெட்டில் இருப்பது சுமார் 1 மணி நேரம்.

காரணம் இதுதான். நிற்கிற இடத்தை விட்டு நகர்ந்ததில் இருந்து, அங்கே போய் நிற்கிற வரைக்கும்தான் பயண நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகணும், மேலே ஏறணும், வளைந்து இறங்கணும். முழு வேகத்தில் பறப்பது நடுவில் கொஞ்ச நேரம்தான். வெளிநாட்டுப் பயணம் என்பதால் 3 மணி நேரம் முன்னாடியே நிலையத்துக்குப் போகணும். எல்லாம் சேர்த்து 5 மணி நேரம்! அப்படியும் ஒரு நாள் அலைச்சலுக்கு இது எவ்வளவோ தேவலை.

பக்கத்தில் இருந்தும் தூரம்

ஆனால் இந்த வழி எல்லோருக்கும் திறந்துவிடவில்லை. திருச்சி விமான நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் முகாம். தலைக்கு மேலே விமானம் போவதைப் பார்த்தே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அகதியாகப் பதிவானவர்கள் நினைத்தவுடன் டிக்கெட் எடுத்துவிட முடியாது. பயண ஆவணம் வேண்டும், நாட்டை விட்டு வெளியேற அனுமதியும் வேண்டும். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கணும்.

ஆக, தூரத்தை முடிவு செய்வது கிலோ மீட்டர் அல்ல, போரும், காகிதமும்தான். விமானம் வந்தது பாதி வேலை. அனுமதிச் சீட்டு சுலபமாகக் கிடைத்தால்தான் 185 கி.மீ. நிஜமாகவே 185 கி.மீ.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தச் சேவைகள் நின்று நின்று ஓடியவை. பணம் கட்டும் முன் அன்றைய அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.