கண்ணைக் காட்டும் படம். கருத்தை மறைக்கும் மொழி



1895-இல் உரோண்ட்கன் ஊடுகதிரைக் கண்டார். 1971-இல் இலண்டனில் நோயர் ஒருவரின் மூளை முதன்முறையாகக் கணிப்பொறிவழிக் குறுக்குப்படமாக எடுக்கப்பெற்றது. 1991-இல் விழித்திரையின் அடுக்குகளை ஒளிகொண்டே படம்பிடிக்கும் முறை வெளிவந்தது. அறிவியல் வென்றது. அவ்வெற்றி நம் மக்கள் கைக்கு எம்மொழியில் வந்து சேர்கிறது?

திண்டிவனத்தையடுத்த சிற்றூரில் என் பழைய மாணவன் ஒருவனின் தாய், நடக்கும்போது இருபுறமும் கதவுநிலையில் இடித்துக்கொண்டார். இருமுறை கண்ணாடி மாற்றியும் பயனில்லை. பின்னர்த் தலையைக் காந்தப்படம் எடுத்தனர். கையில் தந்தது ஆங்கில அறிக்கை. வாய்மொழியாக ஒரு சொல்லும் இல்லை. "பெரிதாக ஒன்றுமிராது" என்றெண்ணி, அவ்வம்மையார் அதனைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். நாற்பது நாள் கழித்து அது என் கைக்கு வந்தது.

இரு கண்ணின் நரம்புகளும் மூளையடியில் குறுக்கிடுகின்றன. விழித்திரையின் மூக்குப்புற இழைகள் ஆங்கே பக்கம் மாறுகின்றன. கீழுள்ள சுரப்பியில் கட்டி வளர்ந்து அவ்விடத்தை அழுத்தினால், இரு கண்ணிலும் வெளிப்புறப் பார்வை மங்கும். அறிக்கை சொன்னது இதைத்தான். அறுவை நடந்தது, இழந்த பார்வை முழுதும் மீளவில்லை. அந்நாற்பது நாளுக்கு விடைசொல்வார் யார்?

"தமிழில் சொல் இல்லை" என்பர். விழித்திரை, பார்வை நரம்பு, சுரப்பி, கட்டி, அழுத்தம்: இவற்றுள் எச்சொல் அத்தாய்க்கு விளங்காது? 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்கர் சாமுவேல் கிறீன், தாமே தமிழ் கற்று, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் பயிற்றுவித்து நூல்களும் வெளியிட்டார். மத்தியப்பிரதேச அரசு 2022-இல் இந்தியில் மருத்துவப் பாடநூல்களை வெளியிட்டது. அயலார்க்கு இயன்றது தமிழ் மருத்துவர்க்கு இயலாதா? இந்திக்கு இயல்வது தமிழுக்கு இயலாதா?

மருத்துவர் தமக்குள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளட்டும்; அதை நாம் தடுக்கவில்லை. நாம் கேட்பது நான்கே வரி: என்ன காணப்பட்டது, எங்கே, எத்துணை விரைவு வேண்டும், அடுத்து யாரிடம் செல்வது. இதனைத் தமிழில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே, முண்டியம்பாக்கத்தில், 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. தமிழர் வரிப்பணத்தில் எழுந்த அக்கல்லூரியே இதற்கு வழிகாட்டலாம்.

குற்றம் நம்மிடமும் உண்டு. ஆங்கிலத் தாளைக் கண்டதும் வாய்பொத்தி நிற்பது அடிமைப் பழக்கம். இனி அறிக்கை வாங்கும் ஒவ்வொருவரும் "தமிழில் எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள், தரும்வரை கேளுங்கள். தமிழ் கேட்பது வெறும் மொழிப்பற்று அன்று. அது கண்ணைக் காக்கும் வழி!