துயரை நாடிவரும் சுவர்

போரில் இறந்தாரின் பெயரைக் கல்லிற் பொறித்து வழிபட்டது நம் முன்னோர் மரபு. நடுகல் நட்ட இடத்திலேயே நிற்பது. காண விழைவோரே அதனை நாடிச் செல்லல் வேண்டும். செல்ல இயலாதார் செய்வது யாது?

இவ்வினாவுக்கு அமெரிக்கர் ஒரு விடை கண்டுள்ளனர். வியட்நாம் போரில் மாண்ட தம் வீரர் 58,000 பேருக்கு மேற்பட்டோரின் பெயர்களைக் கருங்கற் சுவரிற் பொறித்து, 1982 ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் நிறுவினர். பதவி குறியாது, இறந்த நாள் முறையில் பெயர்கள் நிற்கின்றன. ஒருநாள் உடன்வீழ்ந்தார் ஈண்டும் உடன்நிற்பர். ஆயினும், அத்துணைத் தூரம் செல்லப் பொருளில்லாத தாயரும், சென்று காண நெஞ்சுரமில்லாத பழைய வீரரும் உளர். அன்னார்பொருட்டு அச்சுவரின் பாதியளவுப் படியொன்று 1984 இல் ஊரூராகப் புறப்பட்டது. 1996 இல் வேறொரு படியும் புறப்பட்டது. 'ஆற்றும் சுவர்' என்பது அதன் பெயர்ப்பொருள். அஃது இரவும் பகலும் திறந்திருக்கும். பிறர்முன் அழ நாணுவோர் நள்ளிரவிலும் வரலாம். பெயர்மீது தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்துச் செல்லலாம்.

படி வெறும் போலியே என்பாருக்கு நாம் உடன்படோம். ஆறுதல் தருவது கல்லன்று, பெயரே. மகனை நாடு மறந்திலது என்பதைத் தாயின் ஊருக்கே வந்து உரைக்கின்றது அச்சுவர்.

எனினும், அப்போரில் மடிந்த வியட்நாமியர் பல இலட்சம் பேரின் பெயர் அதில் இல்லை. பகைவனின் தாயும் தாயே. அவள் ஊருக்கும் அத்தகைய சுவரொன்று செல்லும் நாளிலேயே அப்புண் முற்றாக ஆறும் என்பது நம் துணிபு.